செட்டித் தெருவில் பந்தி

மதியம் பன்னிரண்டேகால் மணிக்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் 88ஆம் எண் கட்டடத்தின் முன்னால் நின்று பாருங்கள். சிங்கப்பூரின் நிதி வட்டாரம் எப்படிச் சாப்பிடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, கையில் டிஷ்யூ பொட்டலத்தோடு ஒரு பெருங்கூட்டம் இரண்டாம், மூன்றாம் மாடிகளில் இருக்கும் உணவங்காடி நிலையத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். அதே கட்டடத்தின் மின்தூக்கி அருகே கோட்டு போட்ட நான்கைந்து பேர் பேசிச் சிரித்தபடி காத்திருப்பார்கள். அவர்கள் போகும் இடம் 51ஆம் மாடி. மனை ஒன்றுதான். கீழே ஐந்தாறு வெள்ளியில் ஒரு சாப்பாடு முடிகிறது. மேலே அதைப்போலப் பத்து மடங்கு கொடுத்தாலும் முடியாது.

வங்கிகளுக்கு மென்பொருள் ஆலோசகனாக இந்த வட்டாரத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். சொந்தக் காசில் கீழேயும், நிறுவனத்தின் காசில் மேலேயும், யார் காசு என்றே தெரியாமல் ஆற்றங்கரை மதுக்கூடங்களிலும் சாப்பிட்டிருக்கிறேன். இங்குள்ள உணவகங்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளையும் விடாமல் படிப்பேன். ருசி, அலங்காரம், உபசரிப்பு, விலை என்ற நான்கு அளவுகோல்களை அவை தாண்டுவதில்லை. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதற்கு நம்மிடம் பழைய பெயரே இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குள் ஆள் பார்த்துப் பரிமாறினால் அதைப் பந்தி வஞ்சனை என்பார்கள். ஓர் உணவு வட்டாரத்தை மதிப்பிடும்போது இங்கே யார் யாரோடு உட்கார முடிகிறது, யார் உட்கார முடியாமல் போகிறது என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் அந்த ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன். அப்படிக் கேட்டபோது மதிப்பெண் குறைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் மனையின் கதை. மார்க்கெட் ஸ்திரீட்டை அந்தக் காலத் தமிழர்கள் செட்டித் தெரு என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நகரத்தார் இங்கே கிட்டங்கிகளில் இருந்து வட்டித் தொழில் நடத்தினார்கள். கிட்டங்கி என்பது ஒரு நீளமான கடைவீடு. உள்ளே கூடத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சில அடி இடம். ஒரு மரப்பெட்டி, உட்கார்ந்து எழுதச் சிறு சாய்வு மேசை, ஒரு பாய். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. பகலில் கடன் எழுதிய தரையிலேயே இரவில் படுக்கை. சமையலுக்கு ஆள் வைத்து எல்லோருக்கும் பொதுவாக உலை வைத்தார்கள். இந்த நகரத்தின் பெரிய வங்கிகள் கதவைத் திறக்காத சிறு வியாபாரிக்கும் தோட்டக்காரருக்கும் பணம் கிடைத்த இடங்களில் இந்தத் தெருவும் ஒன்று. ஆக, இங்கே நிதி வட்டாரம் என்பது கண்ணாடிக் கோபுரங்களோடு வந்ததல்ல. அதற்கு முன்பே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

1970களில் இந்தப் பகுதியைத் தங்கக் காலணி என்ற பொருளில் கோல்டன் ஷூ என்று அழைத்தார்கள். வரைபடத்தில் அதன் வடிவம் அப்படி. வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, பழைய கடைவீடுகள் இடிக்கப்பட்டு, வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. கிட்டங்கிகளும் போயின. நகரத்தார் டேங்க் ரோடு, சிராங்கூன் ரோடு பக்கமெல்லாம் கலைந்தார்கள். 1984இல் இந்தத் தெருவில் கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடம் வந்தது. பத்து மாடிக் காங்கிரீட் பெட்டிபோல ஒரு கட்டடம். அதன் இரண்டு மாடிகளில் உணவங்காடி நிலையம். நான் மேற்படிப்புக்கு வந்து, பயிற்சி ஊழியனாக முதன்முதலில் இந்த வட்டாரத்தில் சாப்பிட்டது அங்கேதான். மின்விசிறிக் காற்றில் எண்ணெய்ப் புகை சுழலும். சட்டையில் ஒட்டிய வாடை மாலைக் கூட்டம் வரை கூடவே வரும்.

2017இல் அதை மூடி இடித்தார்கள். அதே மனையில் 2021இல் எழுந்ததுதான் கேப்பிட்டாஸ்பிரிங். 280 மீட்டர் உயரம், 51 மாடி. டென்மார்க்கின் பியார்க்க இங்கல்ஸ் குழுமமும் இத்தாலியின் கார்லோ ராட்டி நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தது. நடுவில் நான்கு மாடி உயரத்துக்குச் செடிகளும் மரங்களும் வெளியே தெரியும். கட்டடக்கலை இதழ்கள் அந்தப் பசுமையைத்தான் படம் எடுத்துப் போட்டன. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு. பழைய நிலையத்தின் உணவங்காடி இதன் இரண்டாம், மூன்றாம் மாடிகளுக்கே திரும்பி வந்தது. இவ்வளவு விலைமதிப்புள்ள நிலத்தில் ஐந்து வெள்ளிச் சாப்பாட்டுக்கு இரண்டு மாடி ஒதுக்குவதைச் சந்தை தானாகச் செய்திருக்காது. நகரம் அதைக் கேட்டு வாங்கியது. இந்த வட்டாரத்தைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் அந்த முடிவுக்கு முதலில் ஒரு வணக்கம் வைத்துவிட வேண்டும்.

கீழ்மாடிப் பந்தியில் இருந்து தொடங்குவோம். பந்திக்கு முந்து என்ற பழமொழியை இங்கே ஒவ்வொரு மதியமும் செயல்படுத்துகிறார்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்தால் அந்த இடம் உங்களுடையது. உள்ளூரில் இதற்கு ‘சோப்’ செய்வது என்று பெயர். வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாகவும் கொஞ்சம் அநியாயமாகவும் படும். ஆனால் பொட்டலம் வைத்தவர் யார், அவர் சம்பளம் என்ன என்று அதற்குத் தெரியாது. நிர்வாக இயக்குநரின் பொட்டலமும் காவலாளியின் பொட்டலமும் ஒரே மதிப்பு. நான்கு பேர் மேசையில் இருவர் இருந்தால் மீதி இரண்டு நாற்காலிக்கு யாரும் வந்து தலையசைத்துவிட்டு உட்காரலாம். அந்நியரோடு ஒரே மேசையில் சாப்பிடுவதற்கு இந்த வட்டாரத்தில் வேறு இடமே கிடையாது.

எங்கள் குழு அப்படித்தான் சாப்பிட்டது. ஒருவர் மீன்பந்து நூடுல்ஸ், ஒருவர் நாசி படாங், ஒருவர் சைவக் கடையில் பீஹூன். ஒவ்வொருவரும் தனித்தனி வரிசையில் நின்று வாங்கி ஒரே மேசைக்கு வருவோம். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். அங்கே ஹலால் தட்டுகளுக்கு ஓர் அடுக்கு, மற்றவற்றுக்கு வேறு அடுக்கு. பந்தி ஒன்றாகவும் தட்டு அடுக்கு இரண்டாகவும் இருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். என்னோடு உட்கார நீ உன் வழக்கத்தை விட வேண்டாம், உன் வழக்கத்துக்காக என்னைவிட்டு எழுந்து போகவும் வேண்டாம் என்று அது சொல்கிறது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் கோழிச் சோற்றையும் லக்சாவையும் பற்றி எழுதினார்கள். நான் அந்த இரண்டு அடுக்குகளை நினைத்துக்கொண்டேன்.

குறைகளும் இருக்கின்றன. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை காது அடைக்கும் இரைச்சல். சாப்பிட்டு முடித்தவர் தண்ணீர் குடிப்பதற்குள் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். நிதானமாக ஒரு வார்த்தை பேச முடியாது. மூன்று மணிக்குப் பல கடைகள் சாத்தியாகிவிடும். சனி, ஞாயிறில் முக்காலும் வெறிச்சோடும். அலுவலகக் கூட்டத்தை மட்டும் நம்பிய வியாபாரம் என்பதால் 2020இல் ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது இந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் பட்ட அடி பெரியது. அந்த ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை எங்கும் உட்கார்ந்து சாப்பிடவே அனுமதி இல்லை. தமிழ்ச் சாப்பாடு என்று பார்த்தால், ஒரு காலத்தில் தெருவின் பெயரையே கொடுத்த சமூகத்தின் சமையல் இங்கே தடமில்லாமல் போய்விட்டது. பரோட்டாவும் பிரியாணியும் கிடைக்கும். கிட்டங்கியில் தினமும் கொதித்திருக்கக்கூடிய ஒரு சாதாரணக் குழம்புக்குச் சில நிறுத்தம் தள்ளி லிட்டில் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும்.

இனி 51ஆம் மாடி. உச்சியில் ஒரு தோட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்களும் காசு கொடுக்காமல் போய்ப் பார்க்கலாம். கத்தரியும் மூலிகைகளும் பழமரங்களும் வைத்திருக்கிறார்கள். அங்கே விளைவதில் கொஞ்சம் பக்கத்து உணவகங்களின் சமையலறைக்குப் போகிறது. கடலும் கப்பல்களும் தூரத்தில் இந்தோனேசியத் தீவுகளும் தெரியும். ஊரிலிருந்து வந்த என் அம்மாவைக் கூட்டிப் போனபோது கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கறிவேப்பிலை இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டார். அந்தத் தோட்டம் எல்லோருக்கும் திறந்திருப்பது நல்ல காரியம். உணவகங்களின் சமையலும் நேர்த்தியானதுதான். குறை சொல்ல இடமில்லாத தட்டுகளை அங்கே சாப்பிட்டிருக்கிறேன்.

ஆனால் இந்த உயரத்தில் விற்கப்படும் பண்டம் எது என்பதில் நாம் ஏமாறக் கூடாது. மரினா பே நிதி மையத்தின் முதல் கோபுரத்தில் 33ஆம் மாடியில் செப்புக் கலன்களில் பீர் வடிக்கும் மதுக்கூடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பீரைத் தரைத்தளத்திலும் வடிக்கலாம், ருசி மாறாது. மேலே போவது காட்சிக்காகவும், அந்நியர் யாரும் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டார் என்ற உறுதிக்காகவும்தான். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் 2024 முதல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி. நூறு வெள்ளி என்று எழுதியிருந்தால் கொடுப்பது 119 வெள்ளி 90 காசு. கீழே சொன்ன விலைதான் விலை. இந்த வட்டாரத்தின் இரண்டு உலகங்களையும் பிரித்துக்காட்ட அந்த இரண்டு கூட்டல் குறிகளே போதும்.

வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு மேலே போவதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் பேசுபவருக்கு மறைவான மேசை தேவை. என் சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்றாவது பந்தியில், மாலை மதுக்கூடங்களில் இருக்கிறது.

போட் கீ போகாமல் இந்த வட்டாரத்தின் மாலையைப் பற்றி எழுத முடியாது. ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற கரை. தொடக்க காலத்தில் அந்தப் படகுகளில் கணிசமானவற்றை ஓட்டியவர்கள் சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். பக்கத்திலுள்ள சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. 1977இல் ஆற்றைத் தூய்மையாக்கும் பணி தொடங்கி, 1983இல் படகுகள் வெளியேற்றப்பட்டன. 1989இல் கரையோரக் கடைவீடுகள் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டு, கிடங்குகள் மதுக்கூடங்களாக மாறின. பேரிங்ஸ் வங்கியைக் கவிழ்த்த நிக் லீசன் வழக்கமாகப் போன மதுக்கூடமும் இந்தக் கரையில்தான். 88888 என்ற கணக்கில் அவர் ஒளித்து வைத்திருந்த நட்டம் 1995இல் வெளியானபோது 82 கோடிப் பவுண்டைத் தாண்டியிருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான வங்கி ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. சேர்ந்து குடிப்பதால் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துகொள்கிறோம் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆற்றங்கரையைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

ஆனாலும் அந்த நம்பிக்கையின் மேல்தான் எங்கள் தொழில் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய திட்டத்தை முடித்தோம். பதினோரு மாத வேலை. கொண்டாட்டத்துக்கு ஒரு மதுக்கூடத்தில் மேசை சொல்லச் சொன்னார் மேலாளர். சொன்னது நான். குழுவில் ஒரு மலாய் நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அபாங் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். தரவுத்தளம் நள்ளிரவில் படுத்துவிட்டால் அதை எழுப்பத் தெரிந்த ஒரே ஆள். அன்று மாலை அவர் வரவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண் வந்தாள். சைவம். எலுமிச்சைச் சாறும் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு வறுவலுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, “அண்ணா, நான் கிளம்பட்டுமா? யாரும் தப்பா நினைச்சுக்க மாட்டாங்கல்ல?” என்று கேட்டாள். போம்மா என்று சொன்னேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை. அவள் போனதையே யாரும் கவனிக்கவில்லை.

அவள் போன பிறகு, மூன்றாவது சுற்றின்போது, அடுத்த திட்டத்தை யார் நடத்துவது என்ற பேச்சு வந்தது. மேசையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் வந்தன. அது சதியெல்லாம் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பவரின் பெயர்தான் வாயில் வரும். மறுநாள் அலுவலகத்தில் நடந்த கூட்டம் அதற்கு ஒப்புக்காக நடந்தது.

இன்னும் மோசமானதை நானே செய்தேன். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அபாங்கின் படிவத்தில், குழுவோடு கலந்து பழகுவதில் இன்னும் முன்னேற்றம் தேவை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். குறை என்று ஏதாவது எழுதியாக வேண்டிய கட்டம் அது. எல்லோரும் எல்லோருக்கும் எழுதும் வரி. கை தானாக எழுதியது. படிவத்தைப் பார்த்துவிட்டு அவர் கோபப்படவில்லை. நாசி படாங் தட்டை மேசையில் வைத்தபடியே கேட்டார்: “தம்பி, எங்கே கலக்கவில்லை? தினமும் மதியம் நாம் சேர்ந்துதானே சாப்பிடுகிறோம்?”

அவர் சொன்னது முழு உண்மை. மூன்று ஆண்டுகளாக வாரத்தில் ஐந்து நாளும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவர் மகளின் பள்ளித் தேர்வு, அவர் தாயாரின் மூட்டு வலி, எங்கள் ஊர்க் கோயில் திருவிழா எல்லாம் அந்த மேசையில் பேசியிருக்கிறோம். நிறுவனத்தின் கணக்கில் அதற்குப் பழக்கம் என்று பெயரில்லை. ஐந்து வெள்ளி கொடுத்து அவரவர் வாங்கிச் சாப்பிட்டால் அது வெறும் மதியச் சாப்பாடு. நிறுவனம் காசு கொடுத்து, மேசையில் மது இருந்தால்தான் அது கலந்து பழகுவது. எல்லோரும் உட்காரக்கூடிய பந்தியை எண்ணாமல், சிலர் மட்டும் உட்காரக்கூடிய பந்தியை மட்டும் எண்ணினால் அதற்குப் பெயர் என்ன? நம் பாட்டிமாருக்குக் கேட்ட மாத்திரத்தில் பதில் தெரிந்திருக்கும்.

அந்த வரியை நீக்கச் சொல்லி மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். அந்த ஆண்டின் மதிப்பீடு முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

குடிப்பதற்கு எதிராக நான் பேசவில்லை. நானும் குடிப்பவன். லாவ் பா சாட் பக்கத்தில் பூன் டாட் ஸ்திரீட்டை மாலையில் அடைத்துச் சாத்தே கடை போடுவார்கள். பின்னால் 1894இல் கட்டிய எண்கோண வடிவச் சந்தை, கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்கள், தெருவெல்லாம் கரிப் புகை. அங்கே ஒரு பீர் குடிப்பது இந்த ஊரின் நல்ல இன்பங்களில் ஒன்று. பக்கத்து மேசையில் குடும்பம் ஒன்று கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருக்கும். ஹலால் சாத்தே வாங்கி ஒருவரும் பீர் வாங்கி இன்னொருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். மது இருந்தும் அங்கே யாரையும் வெளியேற்றவில்லை. மேசை மதுவுக்கென்று மட்டும் போடப்படும்போதுதான் அது ஆளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பிக்கிறது.

இந்த ஊரில் மதுவும் இடமும் ஆளைப் பொறுத்து மாறும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தது. ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்ததையடுத்து வெடித்தது. விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் மதுவும் ஒன்று. 2015இல் வந்த சட்டம் தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதைத் தடை செய்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அங்கே வார இறுதிகளில் பகலிலும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. சட்டத்தின் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. அன்றைய இரவின் அச்சம் உண்மையானது. ஆனால் வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவருக்கு மதுக்கூடத்தில் மேசை சொல்லக் கட்டுப்படியாகாது; அவருடைய மேசை புல்தரை. நிதி வட்டாரத்தில் இரவு பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு உரக்கச் சிரிப்பவர் உரிமம் பெற்ற கூரைக்குக் கீழே இருக்கிறார். அவரைச் சட்டம் தொடாது. இந்தக் கோபுரங்களைக் கட்டியவர்களில் எத்தனையோ பேர் அந்தப் புல்தரையில் உட்கார்ந்தவர்கள் என்பதை நாம், குறிப்பாகத் தமிழ் தெரிந்த நாம், மறந்துவிட்டு இந்த வட்டாரத்தின் மாலைகளைப் புகழ்ந்து எழுத முடியாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, அந்தக் காலத்துக் கிட்டங்கியில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்களே என்று ஏங்கினால் அதுவும் பொய்யாகிவிடும். கிட்டங்கியின் உலை ஒரு சமூகத்து ஆண்களுக்காக மட்டும் கொதித்தது. கடன் வாங்க வந்த சீனக் கடைக்காரருக்கும் மலாய்க்காரருக்கும் அங்கே இலை போட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். அபாங்குக்கும் அந்தப் புதுக்கோட்டைப் பெண்ணுக்கும் கிட்டங்கியில் இடம் இருந்திருக்காது. அந்த வகையில் கிட்டங்கிக்கும் நான் சொன்ன மதுக்கூட மேசைக்கும் நாம் நினைப்பதைவிட நெருக்கம் அதிகம். இரண்டிலும் தொழில் உள்ளே இருப்பவர்களுக்குள் நடக்கிறது. உள்ளே இருப்பதற்கான தகுதி வேலையில் இல்லை. செட்டித் தெருவின் தொள்ளாயிரம் அடி உயரத்துக்குக் கீழே இன்றுவரை எல்லோரையும் உட்கார வைத்தது அந்த இரண்டு மாடி உணவங்காடி ஒன்றுதான். நாம் பெருமைப்பட வேண்டிய மரபு இந்த மனையில் இருக்கிறதென்றால் அது நம் முன்னோர் விட்டுப்போனதில் இல்லை. பிறகு வந்தவர்கள், நடைபாதை வியாபாரிகளும் அவர்களுக்குக் கூரை கொடுத்த நகரமும் சேர்ந்து உண்டாக்கியதில் இருக்கிறது.

ஆகவே என் மதிப்பெண். 51ஆம் மாடிக்குச் சமையலிலும் காட்சியிலும் முழு மதிப்பெண். பந்தியில் மதிப்பெண் கேட்க அது வரவும் இல்லை. ஆற்றங்கரை மதுக்கூடங்கள் நண்பர்களோடு போக நல்ல இடங்கள். வேலையை அங்கே கொண்டுபோகிறவர்கள்தான் தோற்கிறார்கள். உணவங்காடிக்கு இரைச்சலிலும் வெக்கையிலும் மதிப்பெண் குறையும். நான் சொன்ன ஐந்தாவது அளவுகோலில் இந்த வட்டாரத்தில் அதற்குப் போட்டியே இல்லை.

சென்ற திட்டம் முடிந்தபோது கொண்டாட்டத்தை மதியத்துக்கு மாற்றினேன். பதினோரு மணிக்கே போய் மூன்று மேசைகளைப் பொட்டலம் வைத்துப் பிடித்தேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. இதற்கா இவ்வளவு உழைத்தோம் என்று சிரித்தபடி கேட்டார். சிரிப்புக்குள் கேள்வி இருந்தது. ஆளுக்கு இருபது வெள்ளி கொடுத்து, பிடித்ததை வாங்கி வரச் சொன்னேன். பதினான்கு பேரும் வந்தார்கள். அடுத்த திட்டத்தின் பேச்சு அங்கே வரவில்லை. அது மாலையில் வேறு எங்கோ நடந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் அந்தப் புதுக்கோட்டைப் பெண், இப்போது அவளுக்குக் கீழேயே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள், எல்லோருடைய தட்டுகளையும் பிரித்து அடுக்கினாள். எது எந்த அடுக்குக்கு என்று அவள் யாரையும் கேட்கவில்லை.